ஆறாம் அதிகாரம்: களத்தில் வினவுதல்

முந்திய அதிகாரங்களில் மைதானத்தை அளந்து கோடிடுவதும், உபகரணங்களைப் பேணுவதும், ஐம்பது அறுபது பிள்ளைகள் அடங்கிய வகுப்பைச் சிறுசிறு அணிகளாகப் பிரிப்பதும் எவ்வாறென்று பார்த்தோம். அவ்வாறு ஆயத்தமான களத்திலே நின்று பிள்ளைகளுக்கு எதை, எவ்வண்ணம் கற்பிப்பது என்பதே இந்த அதிகாரத்தின் விஷயம். இதில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிஷ வகுப்பில் ஆசிரியர் இடும் கட்டளைகள் எவ்வளவுக்கெவ்வளவு குறைகின்றனவோ, அவர் எழுப்பும் வினாக்கள் எவ்வளவுக்கெவ்வளவு கூர்மை அடைகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு பிள்ளைகளின் தேகமும் புத்தியும் ஒருங்கே வேலை செய்யும். வினா என்று நான் கூறுவதில் வாயால் கேட்பது ஒரு சிறு பகுதியே. களத்தின் அகலத்தைக் குறைப்பதும், ஓர் அணியில் ஓர் ஆளைக் கூட்டுவதும், பந்தை வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் எடுத்து வைக்கலாகாது என்று ஒரு நிபந்தனை விதிப்பதும் வினாக்கள்தாம். விதியை மாற்றுவதே உடற்கல்வி ஆசிரியர் பேசுகிற பாஷை.

நம் பக்கத்தில் வயது முதிர்ந்தவர்கள் இன்றைக்கும் உடற்கல்வி ஆசிரியரை 'டிரில் மாஸ்டர்' என்று சொல்வதைக் கேட்கிறோம். அந்தப் பெயருக்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது. படைவீரர்களுக்கு உரிய அணிநடையும், எண்ணிச் சொல்லி ஒருசேரக் கையையும் காலையும் நீட்டி மடக்கும் அப்பியாசமும் ஆங்கிலேயர் காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குள் வந்து சேர்ந்தன; ஓய்வுபெற்ற சிப்பாய்களே பல இடங்களில் அவற்றைக் கற்பித்தனர். 1920-ல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பின்னரே, தேகப்பயிற்சி கல்வியின் ஓர் அங்கம் என்றும், அதற்கென்று முறையாகப் படித்த ஆசிரியர் வேண்டும் என்றும் தென்னாட்டில் ஓர் எண்ணம் வேரூன்றலாயிற்று. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போன இந்திய அணியோடு சென்றவரும் அவரே. அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள் ஊர் ஊராகப் பரவி நல்ல ஆட்டங்களையெல்லாம் பள்ளிகளில் புகுத்தினர். ஆனால் ஆட்டம் புதிதாக வந்ததே ஒழிய, அதைக் கற்பிக்கும் முறையில் பழைய டிரிலின் சுபாவம் மறையவில்லை. கூடைப்பந்தைக் கற்பிக்க வேண்டுமானாலும் வரிசையில் நிறுத்துவோம். ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான். மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பர்.

நானும் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் அப்படித்தான் கற்பித்தேன். ஒருநாள் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு மாணவியை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு, அந்த வகுப்பு முழுவதிலும் அவள் கைக்குப் பந்து எத்தனை முறை வருகிறதென்று எண்ணினேன். நான்கு முறை வந்தது. வெயிலில் நின்றதே அந்தப் பிள்ளைக்கு அன்றைய உடற்கல்வியாக முடிந்தது. என் வகுப்பில் ஒழுங்கு இருந்தது, அமைதி இருந்தது, பார்ப்பவர்கள் மெச்சும்படியான நேர்வரிசையும் இருந்தது; கல்வி இருக்கவில்லை. இந்த நூலை வாசிக்கும் இளம் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலும் ஒருநாள் இப்படி ஒரே ஒரு பிள்ளையைக் குறித்து எண்ணிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். வேறு எந்தப் பிரசங்கமும் செய்யாத காரியத்தை அந்த எண்ணிக்கை செய்யும்.

இந்தக் குறையைப் பிற தேசத்தாரும் கண்டிருக்கின்றனர். இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் என்னும் இருவர், பந்தைத் தட்டவும் அடிக்கவும் அழகாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், ஆட்டம் என்று வந்ததும் எங்கே நிற்பது, எப்போது கொடுப்பது என்று அறியாமல் திகைப்பதைக் கவனித்து, 1982-ல் ஒரு புதிய முறையை எழுதி வெளியிட்டனர். முதலில் ஆட்டத்தையே பிள்ளைகளின் வயதுக்குத் தக்கபடி சுருக்கி ஆடவிடுவது, அதில் அவர்கள் முட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டு வினவுவது, அந்த வினாவுக்கு விடை தேடுகையில் எந்தத் திறமை போதவில்லையென்று அவர்களே உணர்கிறார்களோ அந்தத் திறமையை அப்போது கற்பிப்பது என்பது அம்முறையின் சாரம். பசித்த பின் பரிமாறுவது என்று நம் வீட்டு வழக்கில் சொல்லலாம். மார்புக்கு நேரே இரு கைகளாலும் பந்தைத் தள்ளிக் கொடுக்கும் முறையை வகுப்பின் தொடக்கத்தில் விளக்கினால் ஒரு செவியும் திறப்பதில்லை. எதிராளி மூன்று முறை பந்தைப் பறித்துப் போன பிறகு அதையே விளக்கினால் பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கிளித்தட்டு

இம்முறையைத் தொடங்குவதற்கு இங்கிலாந்து ஆட்டங்களைத் தேடிப் போகவேண்டிய அவசியம் நமக்கில்லை. நாஞ்சில் நாட்டிலும், திருநெல்வேலிப் பக்கத்திலும், கேரளத்திலும், இலங்கைத் தமிழர் ஊர்களிலும் ஆடப்பட்டு வரும் கிளித்தட்டு இதற்கென்றே பிறந்தது போன்ற ஆட்டம். இலங்கையில் இதைத் தாச்சி என்றும் வழங்குவர். பந்து வேண்டாம், வலை வேண்டாம், காசு வேண்டாம். நீள்சதுரமான களம், நடுவே நெடுக ஒரு கோடு, குறுக்கே நாலைந்து கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு காவல்காரர் நிற்பார். அவர் தம் கோட்டை விட்டு விலகலாகாது. கிளி என்று பெயர் பெற்றவர் நடுக்கோட்டின் வழியாக எங்கும் ஓடித் தொடலாம். எதிரணியினர் தொடுபடாமல் எல்லாக் கோடுகளையும் கடந்து மறுகரை சேர்ந்து, அவ்வாறே திரும்பியும் வரவேண்டும். நுண்ணிய விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும், ஆதலால் வகுப்புப் பிள்ளைகளிடமே, "உங்க ஊர்ல எப்படி ஆடுவீங்க?" என்று கேட்டு, வெவ்வேறு விதிகளைக் கேட்டறிந்து, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களையே தீர்மானிக்கச் செய்யவேண்டும். அந்தத் தீர்மானத்தோடே பாடம் ஆரம்பமாகிவிடுகிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று மீட்டர் சதுரமான கட்டங்களோடு தொடங்கலாம். கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி நல்லது. கிடைக்காவிட்டால் கயிற்றைத் தரையில் விரித்து இரு முனைகளிலும் முளை அடித்துவிடலாம். கட்டங்களின் மூலைகளைக் குறிக்கச் சிலர் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். செருப்பில்லாத பாதங்கள் ஓடுகிற இடத்தில் அது ஆபத்தானது. தேங்காய்த் தொண்டு மெத்தென்றிருக்கும், அதையே வைக்க. ஐம்பது பேருக்கு ஒரே களம் போட்டு நாற்பது பேரை வேடிக்கை பார்க்க வைக்கலாகாது. சிறிய களங்களாக மூன்றோ நான்கோ வேண்டும்.

முதல் ஆறேழு நிமிஷம் ஒன்றும் சொல்லாமல் ஆடவிடுங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே மூலையில் கும்பலாகக் கூடி, துணிச்சலுள்ள ஒருவன் பாய்வதும் பிடிபடுவதுமாக இருப்பார்கள். அப்போது நிறுத்தி, களத்திலேயே உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என் வகுப்பொன்றில் நடந்த சம்பாஷணையை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"மக்கா, காவல்காரன் உன்னையே பாத்துட்டு நிக்கான். அவன் கோட்டை எப்பம் தாண்ட முடியும்?"

"வேகமா ஓடினா தாண்டலாம் சார்."

"நீ வேகமாத்தானே ஓடின?"

பதில் இல்லை. சற்று நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு சிறுமி சொன்னாள்: "அவன் வேற ஆளப் பாக்கும்போ தாண்டலாம் சார்."

"அவன வேற ஆளப் பாக்க வைக்கிறது யாரு வேலை?"

இந்தக் கடைசி வினாவுக்கு வாயால் விடை வரவில்லை, வரவேண்டியதுமில்லை. நான் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். மூன்றாம் முறை ஆடும்போது, இரண்டு பிள்ளைகள் தமக்குள் ஏதோ குசுகுசுத்துக்கொண்டு நடுக்கோட்டின் இருபுறமும் பிரிந்து நின்று, ஒருத்தி பாய்வது போல் பாவனை செய்ய, காவல்காரன் அந்தப் பக்கம் சாய்ந்த க்ஷணத்தில் மற்றவள் கடந்து போனாள். அவர்கள் கண்டுபிடித்த யுக்தி கால்பந்திலும் ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் ஆயிரம் முறை பயன்படுகிற யுக்தி. இரண்டு பேர் ஒருவனை எதிர்கொள்ளும்போது அவனுடைய கவனத்தை யார் இழுப்பது, யார் நழுவுவது என்பதுதான் இவ்வாட்டங்களுக்கெல்லாம் அஸ்திவாரம். அதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது என் யுக்தியாக இருந்திருக்கும், மறுவாரம் மறந்தும் போயிருக்கும்.

அதன்பின் காவலர் பக்கத்துக்குச் செல்லுங்கள். எதிரணியினர் யுக்தியைக் கண்டுகொண்டதும் காவலருக்குத் தோல்வி மேல் தோல்வி வரும்; அவர்களுக்கு ரோஷமும் வரும்; அதுவே வினவுவதற்கு உரிய தருணம். "ஒரு காவலாளிக்கு ரெண்டு பக்கம். கிளிக்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டு விலகிவிடுங்கள். கிளி ஒரு பாதியை அடைத்தால் காவலர் மறுபாதியை மட்டும் காத்தால் போதும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளச் சில வகுப்புகள் ஆகலாம். ஆகட்டும். ஒருவரும் கடக்க முடியாமற்போனால் கட்டத்தின் அகலத்தை ஓரடி கூட்டுங்கள். எல்லாரும் எளிதாகக் கடந்தால் ஓரடி குறையுங்கள். ஒரு விதியைத்தான் மாற்றவேண்டும், ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது எதனால் நேர்ந்தது என்று பிள்ளைகளுக்கும் விளங்காது, ஆசிரியருக்கும் விளங்காது.

இதற்கு அடுத்த வகுப்பில் பந்தைக் கொண்டுவரலாம். தென்னோலையில் முடைந்த ஓலைப்பந்து மிகச் சௌகரியமானது; இலேசானது, முகத்தில் பட்டாலும் வலிக்காது, பிள்ளைகளே முடைந்து கொண்டுவருவார்கள், ஆளுக்கொன்று கிடைக்கும். ஐந்து மீட்டர் சதுரத்துக்குள் மூவர் பந்தைத் தமக்குள் கொடுத்து வாங்க, ஒருவர் பறிக்கவேண்டும். பந்து வைத்திருப்பவர் நடக்கலாகாது என்பது விதி. கிளித்தட்டு ஆடிய பிள்ளைகளுக்கு இதில் அதிகம் சொல்லவேண்டியிராது, "உன் கையில பந்து இருக்கும்போ உன் கூட்டாளி எங்கன நின்னா உனக்குத் தெரியும்?" என்ற ஒரு கேள்வி போதும். பறிப்பவரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து நிற்கும் வழக்கம் அன்றோடு போய்விடும்.

கேள்வி கேட்ட பின் ஆசிரியர் செய்யவேண்டியது

கேள்வி கேட்பது எளிது. கேட்டபின் வாய் திறவாதிருப்பது மிகக் கடினம். பல வருஷம் மைதானத்தில் சத்தமிட்டுப் பழகிய தொண்டை மௌனத்தைத் தாங்குவதில்லை. மனத்துக்குள் மெல்லப் பத்து வரை எண்ணுங்கள். பத்துக்குள் ஒரு பிள்ளை பேசும்; பேசாவிட்டால் கேள்வி பெரிதாக இருந்தது என்று கொண்டு, அதை இரண்டாக உடைத்துக் கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நம் வகுப்புகளிலிருந்து அறவே நீக்கிவிடவேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு "புரிஞ்சு சார்" என்பதைத் தவிர வேறு விடை இந்த ஜில்லாவில் எந்தப் பள்ளியிலும் நான் கேட்டதில்லை. புரியாத பிள்ளையும் அதையே சொல்லும். "காட்டு பாப்போம்" என்பது அதைவிட நூறு மடங்கு நல்ல வார்த்தை.

விடை சொல்வோர் எப்போதும் அதே நாலு பையன்களாக இருப்பதையும் கவனிக்கவேண்டும். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் மைதானத்தின் நல்ல பாதி பையன்களுக்கும், ஓரத்து நிழல் பெண்களுக்கும் என்று யாரும் எழுதாத ஒரு சட்டம் இருந்துவருகிறது. வினவும் முறையில் அதை உடைக்க ஓர் எளிய உபாயம் உண்டு: விடையைத் தனித்தனியே கேளாமல், நால்வர் நால்வராகக் கலந்து பேசி, ஒவ்வொரு முறையும் வேறொருவர் எழுந்து சொல்லவேண்டும் என்று விதியுங்கள். கூச்சத்தால் பேசாத பிள்ளைகள்தாம் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை அப்போது காண்பீர்கள்.

பிள்ளைகள் தவறான விடை சொன்னால் திருத்தாதீர்கள், ஆடிப்பார்க்கச் சொல்லுங்கள். களம் திருத்தும். ஒரு பையன், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் கிளியால் ஒருவரைத்தானே தொடமுடியும் என்று வாதித்தான். அதற்கு மறுமொழி கூறாமல் ஆடச் சொன்னேன். ஒருவர் பிடிபட நால்வர் கடந்தார்கள். பின்பு, பிடிபட்டால் அணி முழுவதும் வெளியே என்னும் விதியை எதிரணி கோரியது. விதி மாறியது; அவனும் வேறு உபாயம் தேடினான்.

ஆட்டங்களின் குடும்பங்கள்

பங்கரும் தார்ப்பும் செய்த மற்றொரு நல்ல காரியம், ஆட்டங்களை அவை எழுப்பும் பிரச்சினையை வைத்து நான்கு குடும்பங்களாகப் பார்க்கச் சொன்னது. எதிரியின் நிலத்துக்குள் புகுவன, வலைக்கு இருபுறமும் நின்று ஆடுவன, அடித்துவிட்டு ஓடுவன, குறிபார்த்து எறிவன என்பவை அவை. நம் ஆட்டங்களையும் அந்தப் பந்தியில் உட்காரவைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. கால்பந்தின் அருகில் கபடியும் கிளித்தட்டும். கைப்பந்தின் அருகில், ஐவர் நின்று கம்பளிப்பந்தை மட்டையால் அடித்தாடும் நம் பூப்பந்து. கிரிக்கெட்டின் அருகில், மலையாளம் பேசும் பிள்ளைகள் குட்டியும் கோலும் என்று சொல்கிற கிட்டிப்புள். குறிபார்க்கும் ஆட்டங்களில் கோலி. ஒரு குடும்பத்தில் ஓர் ஆட்டத்தை யோசித்து ஆடியவர்கள் அதே குடும்பத்து மற்ற ஆட்டத்துக்குள் சீக்கிரம் நுழைகிறார்கள். கிட்டிப்புள்ளில் ஆள் இல்லாத இடம் பார்த்து அடிக்கக் கற்றவனுக்குக் கிரிக்கெட்டில் அதை மறுபடி சொல்லவேண்டியதில்லை.

கபடியைக் குறித்து இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அதைப் பலத்தின் ஆட்டம் என்று எண்ணி, மெலிந்த பிள்ளைகளை ஒதுக்கிவிடுகிறோம். எழுவர் ஆடும் அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்தில் மூவரோ அதற்குக் குறைவோ எஞ்சியிருக்கையில், பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் மேற்கொண்டு ஒரு புள்ளி உண்டு என்பது இக்கால விதி. போனஸ் கோட்டைத் தொட்டுப் பெறும் புள்ளியோ, எதிரே ஆறு பேராவது நின்றால்தான் கிடைக்கும். இந்த இரண்டு விதிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மூவரைக் களத்தில் நிறுத்தி, ஒருவரைப் பாடிப் போகச் சொல்லி, "இப்பம் அவனுக்கு உள்ளே ஆழமா வரவேண்டிய அவசியம் உண்டா? நீங்க அவன உள்ளே வரவைக்கணுமா, விரட்டணுமா?" என்று கேளுங்கள். மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பேசத் தொடங்குவார்கள். பாடிப் போகிறவனும் யோசிப்பான். வெறுங்கையோடு திரும்பினாலும் தோஷமில்லாத சந்தர்ப்பம் எது, தொட்டே தீரவேண்டிய சந்தர்ப்பம் எது என்று கணக்குப் பார்ப்பான். கோ-கோவிலும் இவ்வாறே: விரட்டுபவர் ஒரு திசையில் கால்வைத்துவிட்டால் திரும்பலாகாது, நடுவே குறுக்கே பாயலாகாது; ஓடுபவருக்கோ இரண்டும் கூடும். இந்த ஓரவஞ்சனையை எட்டுப் பேர் உட்கார்ந்து எப்படி ஈடுசெய்கிறார்கள் என்பதே கோ-கோவின் முழுச் சாஸ்திரமும்.

இடமும் காற்றும் கேள்வி கேட்கும் என்பதை நம் ஜில்லாவிலிருந்தே அறியலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்று, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றுவது. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஆடி மாதத்தில் பூப்பந்து ஆடமுடிவதில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுவதுண்டு. அதற்குப் பதிலாகக் கைப்பந்தை எடுத்துக்கொண்டு, நாணயம் சுண்டி வென்ற அணி காற்றின் முகமாக நிற்பதா, முதுகில் காற்றை வாங்குவதா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஐந்து புள்ளிக்கொரு முறை பக்கம் மாற்றி, சர்வீஸை எவ்வளவு தாழ்வாக எவ்வளவு பலமாக அடிப்பது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் குறித்துவரச் சொன்னால், அந்த ஒரு மாதத்தில் அவர்கள் கற்பது காற்றில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்திலும் வராது. மேற்கே தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் போனால் கடற்கரை மணல். மணலில் பந்து உருளாது. ஆதலால் தூக்கிக் கொடுக்கவும், வந்த பந்தை முதல் தொடுதலிலேயே அடக்கவும் கால் தானாகப் பழகிக்கொள்கிறது. இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையிலிருந்து வந்தவர். நகரத்துப் பள்ளியின் செம்மண் தரையில் அந்த மணலின் பாடத்தைத் தரவேண்டுமானால், பந்து தரையில் இருமுறை பட்டால் எதிரணிக்கு என்று ஒரு விதி போடலாம்.

சாய்ந்த கயிறு

குழு ஆட்டங்களைப் போலவே தனிப்பயிற்சிகளிலும் இம்முறை பொருந்தும். அமெரிக்காவில் உடற்கல்வி பயிற்றிய மஸ்கா மாஸ்டன், கற்பிக்கும் வகைகளையெல்லாம் ஆராய்ந்து 1966-ல் ஒரு நூல் வெளியிட்டார். உயரம் தாண்டுவதற்குக் கயிற்றைச் சமமாகப் பிடிக்காமல் சாய்வாகப் பிடிக்கும் ஓர் எளிய ஏற்பாடு அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சமமான கயிற்றை உயர்த்த உயர்த்த, தாண்ட முடியாதவர்கள் முதலில் வெளியேறுவார்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவர்களே முதலில் உட்காருகிறார்கள். சாய்ந்த கயிற்றிலோ ஒரு முனை முழங்கால் உயரம், மறுமுனை மார்பு உயரம், எந்த இடத்தில் தாண்டுவது என்று பிள்ளையே தேர்ந்துகொள்கிறது, ஒருவரும் வெளியேறுவதில்லை.

இதை அமைக்கையில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கயிற்றை இரண்டு வேப்பமரங்களில் முடிச்சிட்டுக் கட்டிவிடலாகாது; கால் தட்டினால் பிள்ளை தலைகுப்புற விழும். இரு புறமும் ஆணியின் மேல் கயிற்றைச் சும்மா போட்டு, முனைகளில் மணல் நிரப்பிய சிறு துணிப்பையைத் தொங்கவிட்டால், கால் பட்டதும் கயிறு இளகிக் கொடுக்கும். விழுமிடத்தை மண்வெட்டியால் கிளறி மணல் பரப்பிவைக்க. முதல் நாள் எல்லாரும் தாழ்ந்த முனையிலேயே தாண்டுவார்கள். ஆசிரியர் எதுவும் சொல்லலாகாது. இரண்டு சுற்றுக்குள் ஒவ்வொருவராக உயர்ந்த பக்கத்துக்கு நகர்வார்கள். நகர்ந்த பின் கேளுங்கள்: "ஓட்டத்தைக் கூட்டினியா, கடைசிக் காலடியை மாத்தினியா?" அந்தக் கேள்வியோடு, ஊன்றும் காலைப் பற்றியும் கையை வீசுவதைப் பற்றியும் சொல்லவேண்டியதைச் சொல்லலாம்.

வினவலாகாத இடங்களும் உண்டு. அவற்றை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுவது என் கடமை. ஈட்டி, குண்டு, வட்டு ஆகியவற்றில் கண்டுபிடிப்புக்கு இடமில்லை. எல்லாரும் ஒரே விசிலுக்கு எறியவேண்டும். மறு விசிலுக்குப் பிறகே ஒருசேரப் போய் எடுக்கவேண்டும். எறியும் கோட்டுக்கு முன்னே ஒரு பிள்ளையின் நிழலும் விழலாகாது. குட்டிக்கரணத்தில் கழுத்தை மடக்கும் விதத்தையும், குளத்திலோ ஆற்றிலோ நீந்தக் கற்பிக்கையில் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பதையும் கட்டளையாகவே சொல்லவேண்டும். இந்த ஜில்லாவில் தழைத்து வந்த தெக்கன் களரியிலும் ஆசான் முதலில் சுவடுகளைத் தாமே வைத்துக்காட்டி, அப்படியே வைக்கச் செய்கிறார். எதிராளியோடு பொருதுவது பின்னரே வருகிறது. பிழைத்தால் உயிருக்கு அபாயம் என்றால் கட்டளை, பிழைத்தால் மறுபடி ஆடலாம் என்றால் வினா. இந்தப் பிரிவினையை ஆசிரியர் தினமும் மைதானத்துக்குள் நுழையுமுன் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

மதிப்பிடுதல்

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று மட்டும் அளந்து மதிப்பெண் போட்டால், பிள்ளைகள் நம் கேள்விகளை விட்டுவிட்டு நாடாவையும் கடிகாரத்தையுமே பார்ப்பார்கள். யோசித்து ஆடியதையும் அளக்க வழி இருக்கிறது. காய்ச்சலில் எழுந்தவர்கள், கால் சுளுக்கியவர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஆடமுடியாத இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைச் சும்மா உட்காரவைக்காமல், ஆளுக்கொரு கைப்பிடி புளியங்கொட்டையும் இரண்டு சிரட்டைகளும் கொடுங்கள். ஆடுபவர்களில் ஒருவரை மட்டும் கவனித்து, பந்து கிடைத்தபோது தக்க இடத்துக்குக் கொடுத்தால் வலப்பக்கச் சிரட்டையில் ஒரு கொட்டை, தவறான இடத்துக்குக் கொடுத்தால் இடப்பக்கத்தில் ஒன்று. கொடுத்த பந்து போய்ச் சேர்ந்ததா என்பது கணக்கில்லை. தேர்ந்தது சரியா என்பதே கணக்கு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை நன்றாக விளக்கவேண்டும். விளங்கிவிட்டால் நம்மைவிட நியாயமாக எண்ணுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை இந்த வேலையில் மட்டும் நிரந்தரமாக நிறுத்திவிடாமல், களத்தின் அளவையும் விதியையும் எப்படி மாற்றினால் அந்தப் பிள்ளையும் ஆடலாம் என்பதையே ஒருநாள் வகுப்புக்கு வினாவாகக் கொடுக்கலாம். நான் கொடுத்தபோது, கிளித்தட்டின் கடைசிக் கோட்டின் முன் சிமெண்டுத் தளத்தில் ஒரு கட்டம் வரைந்து, அங்கே வந்து சேர்பவர்கள் அந்தப் பிள்ளையின் கையைத் தொட்டால்தான் திரும்பலாம் என்றும், எந்தப் பக்கம் நின்று கை நீட்டுவது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். எனக்கு அது தோன்றியிராது.

மழை நாள்

பிற ஜில்லாக்கள் பலவற்றில் ஒரு மழைக்காலம், நமக்கு இரண்டு. ஆனியிலும் ஐப்பசியிலும் மைதானம் சேறாகிவிட்டால், உடற்கல்வி வகுப்பைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் நிலைபெற்றிருக்கிறது. பரீட்சை நெருங்கினால் மழையில்லாவிட்டாலும் அதுவே கதி. கேட்டு வருகிறவர்களிடம் ஆசிரியர் பணிவாகவும் உறுதியாகவும் மறுக்கவேண்டும். மறுப்பதற்கு அவர் கையில் ஒரு பாடம் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

வராந்தாவில் நால்வர் நால்வராக உட்காரவைத்து, தரையில் சாக்குக்கட்டியால் கிளித்தட்டுக் களத்தைச் சிறிதாக வரையச் சொல்லுங்கள். காவலருக்குச் சிறு கூழாங்கல், கடப்பவருக்குப் புளியங்கொட்டை, கிளிக்கு ஒரு மஞ்சாடி முத்து. சென்ற வகுப்பில் தாங்கள் எந்தக் கோட்டில் அதிகமாகப் பிடிபட்டார்களோ அந்த நிலையை அப்படியே வைத்து, அங்கிருந்து இருவர் தப்புவதற்கு வழி காணவேண்டும். ஒரு காய் நகர்ந்தால் எதிரே ஒரு காய் நகரலாம். கிடைத்த வழியை ஒரு தாளில் படமாக வரைந்து, நால்வரும் பெயரெழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும். மழை விட்டு, தரை உலர்ந்து, கோடுகள் மீண்டும் போட்ட நாளில் அந்தத் தாள்களையே கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகவேண்டும். எந்தத் தாளை முதலில் ஆடிப்பார்ப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.